எக்ஸ்ரே அக்காவின் மேசை

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே அறை, அதே கனத்த கதவு, அதே மூன்று வாக்கியம்: "மூச்சை இழுங்க. அசையாதீங்க. ம், விடலாம்." ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரிடம் சொல்வாள். வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு யோசித்துப் பார்த்தால், அன்று முழுக்க வாயைத் திறந்து பேசியது அநேகமாக அவ்வளவுதான் இருக்கும்.

அம்மா இருந்தவரை அப்படியில்லை. ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவுக்குக் கை கால் ஓய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை. பால் பொங்கிவிட்டதா, விளக்கை அணைத்தாயா, அந்தப் புது நர்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா என்று நாள் முழுக்கக் கேள்விதான். அம்மா போனதும், "இவ்வளவு பெரிய வாடகை வீடு இனிமே எதுக்குக்கா?" என்றான் வேறு ஊரில் இருக்கும் தம்பி. அவன் கேட்டதில் தப்பில்லை. ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஒற்றை அறையும் ஒட்டினாற்போல ஒரு சமையலறையும் கிடைத்தன.

மாடிப்படி குறுகல். இரண்டு இடத்தில் வேறு திரும்பும். சாமான் ஏற்ற வந்தவர்கள் சாப்பாட்டு மேசையை முதல் திருப்பம்வரை கொண்டுவந்து, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் முழி பிதுங்கி நின்றார்கள். கடைசியில் மேசை, அலமாரி, கட்டில் எல்லாம் வாசலிலிருந்தே பழைய சாமான்காரரின் வண்டிக்குப் போய்ச் சேர்ந்தன. மேலே வந்தது ஒரு மெத்தையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். அந்த நாற்காலியையே மேசையாக்கித் தட்டை அதன்மேல் வைத்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எட்டு மாதம் அப்படியே ஓடியது.

பிறகு முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. தன் சொந்த அறையில், தன் சொந்த மெஷின் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. அடுத்த ஷிப்டுக்காரர் பொத்தானை அழுத்தினார். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தேய ஆரம்பிச்சிருக்கு. இனிமே தரையில உட்காராதீங்க அக்கா," என்றார்.

கடைகளில் ஏறி இறங்கினாள். கொஞ்சம் உறுதியான மேசை என்றால் பாதிச் சம்பளத்தை விழுங்கும். அதுவும் அந்தப் படியில் ஏறாது. மடக்கு மேசைகளோ தும்மினால் விழுந்துவிடும்போல இருந்தன. தம்பி ஞாயிறுதோறும் போனில், "ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடறேன்க்கா," என்பான். கெட்டவன் இல்லை. போனை வைத்ததும் மறந்துவிடுவான், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் புது எக்ஸ்ரே மெஷின் வந்து இறங்கியது. ஆளுயர மரப்பெட்டிகள் நாலு. மெஷினை எடுத்து மாட்டிய பிறகு, பெட்டிகள் பின்வாசலில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. அவள் ஸ்டோர்ஸ்காரரிடம் போய் நின்றாள்.

"சார், அந்தப் பலகையெல்லாம் யாருக்காவது வேணுமா?"

"யாருக்கும்மா வேணும்? எடத்த அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. தூக்கிட்டுப் போனா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஒரு சின்ன லோடு வண்டி பிடித்தாள். பலகை பலகையாகத் தானே மாடியேற்றினாள். அறையில் பாதி இடம் போயிற்று. சுத்தியல், ரம்பம், ஆணி பிடுங்க ஒரு கொறடு, மரப்பசை, உப்புத்தாள் எல்லாம் வாங்கினாள். டிரில்லை ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியனிடம் இரவல் கேட்டாள். மேசை செய்வது எப்படி என்று போனில் ஆயிரம் வீடியோ இருந்தன. எல்லாவற்றிலும் ஒரு ஆள் சிரித்துக்கொண்டே பதினைந்து நிமிஷத்தில் செய்து முடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பெட்டியிலிருந்து ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தபோது கதவு தடதடவென்று தட்டப்பட்டது. குடிவந்ததிலிருந்து அந்தக் கதவை வாடகை வாங்க வருகிற வீட்டுக்கார அம்மாவைத் தவிர யாரும் தட்டியதில்லை. திறந்தாள். கீழ் வீட்டுக்காரர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். கண்ணெல்லாம் சிவந்து, தலைமுடி ஒரு பக்கம் மட்டும் நட்டுக்கொண்டு நின்றார்.

"என்னம்மா நடக்குது இங்க? வீட்டை இடிக்கிறீங்களா?"

"இல்ல சார். மேசை செய்றேன்."

"மேசையா?" அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "நான் ராத்திரியெல்லாம் ரொட்டி கம்பெனியில அடுப்பு முன்னாடி வெந்துட்டு, காலைல எட்டு மணிக்குத்தான் வந்து கண்ண மூடுறேன். என் தலைக்கு நேர் மேல ஆணி அடிக்கிறீங்களே, நியாயமா?"

"அடிக்கல சார், பிடுங்குறேன்."

"அடிச்சா என்ன, பிடுங்கினா என்ன, எனக்கு எல்லாம் மண்டையிலதானே இறங்குது?"

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மன்னிப்புக் கேட்டாள். அவரும் கொஞ்சம் இறங்கி வந்தார். "நாலு மணிக்கு எழுந்திருச்சுடுவேன். அதுக்கப்புறம் என்ன வேணா பண்ணுங்க. ஆறரைக்குக் கிளம்பிட்டேன்னா கட்டடத்தையே பேத்தாலும் எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து அவள் வேலை நாலு மணிக்குத்தான். டியூட்டி மூன்று மணிக்கு முடியும். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கீழே குழாய் திறக்கிற சத்தம் கேட்கும், ஒரு இருமல் கேட்கும், டீ கொதிக்கிற வாசனை ஜன்னல் வழியாக ஏறி வரும். அப்போது சுத்தியலை எடுப்பாள். ஆறரைக்குக் கீழே கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டதும் அவளுக்கும் கை ஓய்ந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செய்யலாம்தான். ஏனோ செய்ய மாட்டாள்.

பலகைகளை ஒட்டும் இடத்தில்தான் சிக்கல் வந்தது. ஐந்து பலகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பசை தடவி, இறுக்கிப் பிடிக்க வேண்டும். "இந்த இடத்துல உங்க வீட்டுல யாரையாவது ஒரு பக்கம் பிடிச்சுக்கச் சொல்லுங்க," என்றார் வீடியோக்காரர். அவள் வீடியோவை நிறுத்திவிட்டு வேறொன்றைப் போட்டாள். அதிலும் ஒரு மனைவி வந்து பிடித்தாள். மூன்றாவதில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர். யாரும் இல்லாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கீழே போய்க் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. செருப்பைக்கூட மாட்டினாள். ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டிருந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றினாள். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துப் பலகைகளைச் சுற்றிக் கட்டி, கயிற்றுக்குள் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி முறுக்கினாள். எமர்ஜென்ஸியில் ரத்தத்தை நிறுத்தக் கட்டுவதைப் பார்த்திருக்கிறாள், அதே முறுக்குதான். முறுக்க முறுக்கப் பலகைகளுக்கு நடுவிலிருந்து பசை பிதுங்கி வந்தது. இடுப்பு கழன்றுபோகிற மாதிரி வலித்தது. மறுநாள் கயிற்றை அவிழ்த்தபோது ஐந்து பலகையும் ஒரே பலகையாகியிருந்தன. தடவித் தடவிப் பார்த்தாள். யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. போனில் ஒரு படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

கால்களைப் பொருத்தி நிமிர்த்தி வைத்தபோது மேசை ஆடியது. ஒரு கால் தரையைத் தொடவில்லை. சரி, மற்ற கால்களில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தால் சமமாகும் என்று அறுத்தாள். இப்போது வேறொரு கால் தூக்கிக்கொண்டது. அதையும் சரிபண்ணினாள். சொத்துப் பிரிக்க உட்கார்ந்த நாலு பங்காளிகள் மாதிரி அந்த நாலு காலும் எதற்கும் ஒத்துவரவில்லை. ஒரு வாரம் தினமும் நாலு மணிக்கு ரம்பம் போட்டாள். எட்டாம் நாள் பார்த்தால், மேசை அவள் முழங்காலுக்கு வந்து நின்றது. அப்போதும் ஆடியது.

அன்றைக்குக் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. கீழ் வீட்டு ரொட்டிக்காரர்தான். தலை வாரியிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வாரமா ஒரே மாதிரி அறுக்கிற சத்தமா வருது. அப்படி என்னதான் செய்றீங்கன்னு பார்க்கலாம்னு..."

அவள் விலகி வழிவிட்டாள். அவர் மேசையைப் பார்த்தார். ஒரு மூலையை அழுத்தினார், எதிர் மூலையை அழுத்தினார். பிறகு சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துத் தரையில் வைத்தார். பேனா தானாக உருண்டு உருண்டு ஜன்னல் பக்கச் சுவரில் போய் முட்டி நின்றது.

"மேசை ஆடலம்மா," என்றார். "தரைதான் கோணல், ஜன்னல் பக்கம் பள்ளம். என் வீட்டுலயும் இதே கதைதான். தண்ணி சிந்தினா நேரா அடுப்படிக்குப் போயிடும். உங்க மேசை முதல் நாளே சரியாத்தான் இருந்திருக்கும்."

அவள் மேசையைப் பார்த்தாள். சுவரோரமாகக் குவிந்து கிடந்த அறுத்த துண்டுகளைப் பார்த்தாள். அழுகைதான் வரப்போகிறது என்று நினைத்தாள். வெளியே வந்தது சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டார். அந்த அறைக்குள் இரண்டு பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் இருவருக்குமே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

"இதை என்ன பண்ணப் போறீங்க?"

"என்ன பண்றது? உடைச்சுப் போட வேண்டியதுதான்."

"அய்யய்யோ, எனக்குக் குடுங்க. நான் தரையிலதான் உட்கார்ந்து சாப்பிடுறேன். எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார். படியின் இரண்டு திருப்பத்திலும் அது எங்கேயும் இடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்களில், காலையில் அவள் டியூட்டிக்குக் கிளம்பும்போது கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கும். உள்ளே ஓரம் கருகிய ரொட்டி, விற்பனைக்கு ஆகாதது, ஆனால் சூடு இன்னும் மிச்சமிருக்கும். படியில் பார்த்தால் சொல்ல வேண்டும் என்று தினமும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டாள். ரொட்டி நல்லா இருந்தது. மழை வரும்போல இருக்கு. இன்னிக்கு ஒருத்தர் விழுங்கின சாவியை எக்ஸ்ரேல பார்த்தேன். வாரத்தில் இரண்டு தடவை பார்த்தால் அதிகம். பார்த்தால் அவர் ஏதாவது கேட்பார், இவள் வேறேதாவது சொல்வாள். தயார் செய்த வாக்கியம் சொல்லாமலேயே போய்விடும். சாவிக் கதையை மட்டும் ஒருநாள் சொல்லிவிட்டாள். "எந்த வீட்டுச் சாவியாம்?" என்று அவர் கேட்டது நாலு நாளைக்கு அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை டியூட்டி முடிந்து வந்தபோது கீழ் வீட்டில் வேறு பூட்டு தொங்கியது. பெரிய பூட்டு. வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ரொட்டி கம்பெனியை எங்கயோ தூரமா மாத்திட்டாங்களாம். அங்கயே தங்க இடம் குடுக்கிறாங்களாம். காலைலயே காலி பண்ணிட்டுப் போயிட்டார்."

"என்கிட்ட எதுவும் சொல்லலையே," என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றார் வீட்டுக்கார அம்மா. குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவள் படியேறிப் போனாள்.

நாலு மணிக்குக் குழாய்ச் சத்தம் இல்லை. இருமல் இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆறரைவரை உட்கார்ந்திருந்தாள். வேலை ஒன்றும் ஓடவில்லை.

அந்த வாரக் கடைசியில் வெள்ளையடிக்கக் கீழ் வீட்டைத் திறந்து போட்டிருந்தார்கள். ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து உள்ளே போனாள். விளிம்பு உடைந்த ஒரு வாளி, அடிப்பிடித்த ஒரு பாத்திரம், கிழிக்காமல் விட்ட காலண்டர், ஒற்றைச் செருப்பு. வேண்டாததையெல்லாம் விட்டுவிட்டுப் போயிருந்தார். மேசை இல்லை. ஜன்னலோரம் தூசிக்கு நடுவே நாலு சின்னச் சதுரங்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. அவள் குனிந்து அவற்றைப் பார்த்தாள். கொண்டுபோயிருக்கிறார். லோடு வண்டியில், அடுப்புக்கும் மூட்டைக்கும் நடுவில், இடம் ஒதுக்கி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அதை நினைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். டீ குடித்த ஆட்கள் திரும்பி வரும் பேச்சுச் சத்தம் கேட்டதும் மேலே வந்துவிட்டாள்.

இரண்டு மாதமாகத் தொடாத மிச்சப் பலகைகள் அப்படியே இருந்தன. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கே இரண்டாவது மேசையை ஆரம்பித்தாள். இப்போது யாருடைய தூக்கமும் கெடப்போவதில்லை. ஆனாலும் முதல் ஆணியை அடித்துவிட்டு, தன்னையறியாமல் கதவைப் பார்த்தாள். பிறகு அடுத்த ஆணியை எடுத்தாள்.

இந்தத் தடவை கால்களை முதலில் தட்டையான ஒரு பலகைமேல் நிறுத்திச் சரிபார்த்தாள். ஜன்னல் பக்கக் காலுக்கு அடியில் ஒரு மரச்சில்லைச் செருகினாள். மூன்று வாரத்தில் மேசை நிமிர்ந்து நின்றது. அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை. ஒரு மூலையில் ரம்பம் வழுக்கிய கோடு இருந்தது, மேலே ஓரிடத்தில் பெட்டியில் அச்சடித்திருந்த பாதி எழுத்து, எவ்வளவு தேய்த்தும் போகாமல். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டை மேசைமேல் வைத்து, முதுகை நிமிர்த்திச் சாப்பிட்டாள். முழங்கால் வலிக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட சாப்பாடு அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோனது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தட்டைக் கழுவி வைத்தபோது தம்பியின் போன் வந்தது. பிள்ளைகளின் படிப்பு, அவன் முதுகுவலி, ஆபீஸ் தொல்லை எல்லாம் சொன்னான். பிறகு வழக்கம்போல, "வேறென்னக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்லடா. மேசை முடிஞ்சிடுச்சு. அடுத்து நாற்காலி செய்யலாம்னு இருக்கேன்."

"நாற்காலியா? அது இன்னும் கஷ்டமாச்சே! எதுக்குக்கா இந்த வேலையெல்லாம்? நிஜமாவே இன்னிக்கே ஆர்டர் போட்டுடறேன். ரெண்டு நாள்ல வீட்டு வாசலுக்கு வந்துடும்."

"அதுக்குத்தான்டா வேணாங்கறேன்," என்றாள் அவள். "ரெண்டு நாள்ல வந்துடுச்சுன்னா, அப்புறம் நான் என்ன பண்றது?"

அந்தப் பக்கம் தம்பிக்குப் பின்னால் பிள்ளைகள் எதற்கோ சண்டை போடுகிற சத்தமும், அவன் மனைவி அதட்டுகிற சத்தமும் கேட்டன. அவன் போனை வைக்கும்வரை அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.