நிமிர்ந்த ஊசிகள்

மெத்தைக்காரம்மா வீட்டில் எந்த ஊசியும் நேராக இருந்ததில்லை. கடையிலிருந்து நேராகத்தான் வரும். பிள்ளைக்கு வலி எடுத்தால் டப்பாவிலுள்ள அத்தனையும் அரிவாளாக வளைந்துவிடும். பிள்ளைகளின் ரத்தத்திலும் அதே கோளாறுதான், கண்ணுகளா. வட்டமாக இருக்கவேண்டிய அணுக்கள் அரிவாளாக வளைந்து குழாய்களை அடைத்துக்கொள்ள, எலும்புக்குள் ஆள் நின்று இடிப்பதுபோல வலிக்கும். மெத்தை ஓரம் தைக்க வளைந்த ஊசிதான் தோது என்பதால், அம்மா வீணாக்காமல் அவற்றிலேயே தைத்தாள். அந்த வலியின் மேல்தான் தெருவே படுத்துத் தூங்கியது.

மூத்தவன் பள்ளிக்கூடம் போகிற வயதில் இறந்துபோனான். அன்று காலை ஊசிகளெல்லாம் நிமிர்ந்து கிடந்தன. ஒரு வெள்ளைத் துணிக்கு ஓரம் அடித்து அவனைப் போர்த்தினாள். மகள் அப்போது கைக்குழந்தை. சில மாதத்தில் ஊசிகள் மறுபடி வளைந்தபோது, மகளுக்கும் அதே நோய்தான் என்று யாரும் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மகள் வளர்ந்து ஆளான பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புது வைத்தியத்தைச் சோதித்தார்கள். அவள் அணுக்களையே எடுத்து, உள்ளே இருக்கும் மரபணுப் பிழையைத் திருத்தி, திரும்ப ஏற்றுவார்கள். அதற்கு முன், எலும்புக்குள் ரத்தம் ஊறும் பழைய மஜ்ஜையை மருந்தால் எரித்துக் காலி செய்யவேண்டும். முடி போகும், பிள்ளை பிறக்காமல் போகலாம், உயிரே போனாலும் போகலாம் என்றார் டாக்டர்.

“தையலைப் பிரிச்சுத் திரும்பத் தைக்கிறீங்க, அவ்வளவுதானே?” என்றாள் மகள்.

“பிரிச்சுத் தைக்கிறதுக்குள்ள நீ தாங்கணும்மா.”

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். “அண்ணன் மாதிரி சொல்லாம கொள்ளாம போகமாட்டேன், போ.”

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கத்து அறைக்கு இதே வைத்தியத்துக்கு வந்த லாரி டிரைவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகளுக்கு மருந்து ஏற்றிய நாட்களில் வீட்டில் ஊசிகள் மோதிரம்போலச் சுருண்டு கிடந்தன. பிறகு ஒரு விடியலில், ஒன்று பாக்கியில்லாமல் நிமிர்ந்திருந்தன.

அம்மா அழவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போன் போடவுமில்லை. நிமிர்ந்த ஊசிக்கு அவள் அறிந்த அர்த்தம் ஒன்றுதான். மகள் உயரத்துக்கு வெள்ளைத் துணி வெட்டி, நாலு ஓரமும் அடித்து, மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரி அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மகள் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து, வாய்ப்புண்ணோடே நர்ஸைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது, இவ்வளவு பெரிய துணி? மொட்டைக்குக் கட்டவா? ஊருக்கே தலைப்பா கட்டலாம்போல!”

“அப்படியே உள்ள தரக்கூடாது. குடுங்க, கிருமி போகக் கொதிக்கவெச்சுத் தர்றோம்,” என்று நர்ஸ் வெளியே வந்து கைநீட்டினாள்.

அப்போதுதான் அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

முடி முளைத்தது, நரைத்தே முளைத்தது. பிள்ளை பிறக்கவில்லை. ஊசிகள் அதன்பிறகு வளையவேயில்லை. மெத்தைக்காரம்மா முதல்முறையாக வளைந்த ஊசி வாங்கக் கடைக்குப் போனாள்.

“இத்தனை வருஷம் எங்கே வாங்கினீங்கக்கா?”

“வீட்டுலயே கிடைச்சுதுப்பா.”

கடைக்காரர் தலையாட்டிவிட்டுப் பொட்டலம் கட்டினார்.