பிளாஸ்மாவில் கோடு வளையாது

இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டு, அலமாரி அளவுக்கு இருந்த அந்தப் பெரிய டிவியின் முன்னால் வெர்னன் மண்டியிட்டிருந்தார். கூடத்தின் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, ஓரத்தில் வெளிச்சம் கசிந்த இடத்தில் குளியல் துண்டு ஒன்றையும் செருகியிருந்தார்கள். வெளியே நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை வெயில். உள்ளே மட்டும் ராத்திரி. திரை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். அவற்றில் ஒன்று, சரியாக நடுவில், லேசாக வயிறு தள்ளியிருந்தது. ரிமோட்டை அழுத்தி அழுத்தி அதை உள்ளே தள்ளினார். நேரானது. பார்வையை அதற்கு மேல்கோட்டுக்குக் கொண்டுபோனார். இப்போது அது வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

"சனியன், சூடேற ஏற நகருது," என்றார்.

"போன வருஷம் இவ்ளோ நேரம் ஆகலியேய்யா?" என்றான் சோபாவிலிருந்து டுவெயின். வீட்டுக்காரன், வெர்னனோடு மான்வேட்டைக்குப் போகிறவன்.

"போன வருஷம் இதுக்கு ஒரு வயசு கம்மி. உனக்கும்தான்."

விஸ்கான்சினில், ஏரிக்கரையோரம் இருக்கும் அந்த ஊரில் பந்தாட்டப் பருவம் தொடங்கினால் வெர்னனுக்குத் தலை சொறிய நேரமிருக்காது. இந்த ப்ரொஜெக்ஷன் டிவிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழல்கள். மூன்றும் தனித்தனியே படத்தைக் கண்ணாடியில் அடிக்க, கண்ணாடி அதைப் பின்னாலிருந்து திரையில் கொட்டும். மூன்று படமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் படிய வேண்டும். மயிரிழை பிசகினாலும் ஆட்டக்காரன் தலைக்கவசத்தில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் வழியும். அதனால் முதலில் பச்சைக் கோடுகளை நேராக்கி, அவற்றின்மேல் மற்ற இரண்டையும் ஏற்றி உட்காரவைக்க வேண்டும். கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க இந்தத் தொழிலில் எல்லோரும் திரையின் குறுக்கே நூல் கட்டுவார்கள். வெர்னன் நூலை விட்டுப் பல காலமாயிற்று. துப்பாக்கிக் குழலில் மானைப் பார்ப்பதுபோல இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் ஒரு பார்வை, அவ்வளவுதான். "என் கண்ணுதான்யா நூலு" என்று பீர்க் கடையில் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளும்படியாகத்தான் இருந்தது அவர் வேலையும்.

சமீபத்தில் இரண்டு பேர் மட்டும் திரும்பக் கூப்பிட்டு, நீ வந்துபோன பிறகு படம் கோணலாகத் தெரிகிறது என்றார்கள். போய்ப் பார்த்தார். அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. பெட்டிக்கு வயசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் அந்தப் பழமொழி தனக்கும் பொருந்தும் என்று யார்தான் நினைக்கிறார்கள்?

இந்த வருஷம் டுவெயின் வீட்டில் வேறு ஒரு வழக்கு. அவன் மனைவி டார்லா அடம்பிடித்துப் புதுசாக ஒரு பிளாஸ்மா டிவி வாங்கி, பெரிய பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் படம் மாட்டுவதுபோல மாட்டிவைத்திருந்தாள். இரண்டில் ஒன்றுதான் கூடத்தில் இருக்கலாம், மற்றது கீழே நிலவறைக்குப் போக வேண்டும். மதியம் டுவெயினின் அண்ணன் தம்பிகள் ஆட்டம் பார்க்க வருவதற்குள் எது நல்ல படம் என்று வெர்னன் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. படம் விஷயத்தில் அந்த ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"சோபா ஓரத்துல உக்காந்தா உன் பெட்டில ஒண்ணுமே தெரியறதில்ல," என்றாள் டார்லா, அடுப்பங்கரையிலிருந்து. பீரில் வெந்துகொண்டிருந்த சாசேஜின் வாசனை அவளோடு வந்தது. "எல்லாரும் ஆட்டம் பாக்குறீங்க, நான் இருட்டைப் பாக்குறேன்."

"நேரா உக்காரேன்," என்றான் டுவெயின்.

"நேரா உக்கார எடம் எங்க இருக்கு? அங்கதான் மலை மாதிரி நீ இருக்கியே."

"உன் பிளாஸ்மால கறுப்பைப் பாரு முதல்ல. சாம்பல் மாதிரி இருக்கு. ராத்திரி ஆட்டம் போட்டா விடியக்காலம் மாதிரி தெரியுது."

வெர்னன் சிரித்துக்கொண்டே கோடுகளை எடுத்துவிட்டு ஆட்டத்துக்கு முந்தைய நிகழ்ச்சியைப் போட்டார். மைதானம் பச்சையாக விரிந்தது. டுவெயின் முன்னால் குனிந்து பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான். டார்லாதான் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டாள்.

"வெர்ன், அந்தக் கோல் கம்பம் ஏன் நெளிஞ்சிருக்கு?"

"ஆமாய்யா," என்றான் டுவெயின் தயக்கமாக. "நடுவுல தொப்பை போட்டாப்பல இருக்கு."

"கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன மொத விஷயம் இதுதானா?" என்று கேலி பண்ணிக்கொண்டே மறுபடி கோடுகளைப் போட்டு, வழக்கம்போல இடக்கண்ணை மூடிப் பார்த்தார். கோடு நேராகத்தான் இருந்தது. அப்படிச் சொன்னதும், டார்லா திரைக்குப் போய் விரலை வைத்து அந்தக் கோட்டின் மேலேயே இழுத்துக் காட்டினாள். "இங்க இறங்குது பாருங்க. இங்க ஏறுது." அவள் விரல் இறங்கித்தான் ஏறியது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து விளையாடுகிறார்களோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"சரி, இதே கட்டத்தை என் டிவியிலயும் போடுங்க," என்றாள் அவள். "நியாயம்னா ரெண்டுக்கும் ஒண்ணுதானே."

"அதுல போட வேண்டியதே இல்லம்மா. தரையில ஓடு பதிச்ச மாதிரி அது. புள்ளிய எங்க வெச்சானோ அங்கயேதான் இருக்கும். கண்ணாடியும் கிடையாது, குழலும் கிடையாது. பிளாஸ்மாவுல கோடு வளையாது."

"வளையாதுன்னா போட்டுக் காட்டறதுக்கு என்ன?"

பையிலிருந்த கட்டம் போடும் கருவியை அதில் செருகிப் போட்டுக் காட்டினார். சுவரில் அதே வலை, ஊசியால் கீறினாற்போல மெல்லிசாக எழுந்தது. இடக்கண்ணை மூடினார்.

நடுக்கோடு வளைந்திருந்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. மூளை பழைய பழக்கத்தில் ரிமோட்டைத் தேடியது. விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் அழுத்துவதற்கு எதுவும் இல்லை. இந்த டிவியில் கோட்டைத் திருத்தும் பொத்தானே கிடையாது, வளையாத ஒன்றுக்கு எதற்குத் திருத்தம்? பார்வையை மேல்கோட்டுக்கு நகர்த்தினார். நடுக்கோடு நிமிர்ந்துகொள்ள, மேல்கோடு வளைந்தது. கீழே பார்த்தார். கீழ்க்கோடு. எங்கே பார்த்தாலும் அந்த நெளிவு கூடவே வந்தது, கோடுகள் கூடும் இடத்தில் எச்சில் தொட்டு அழித்ததுபோல ஒரு சாம்பல் திட்டும் கூடவே வந்தது. மெல்ல இடக்கண்ணைத் திறந்து வலக்கண்ணை மூடினார். எல்லாம் நேர். மாற்றி மூடினார். நெளிவு. மறுபடி மாற்றினார்.

அப்பாவின் நாற்காலி நினைவுக்கு வந்தது. கடைசி வருஷங்களில் அவர் டிவிக்குப் பக்கவாட்டில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, காலண்டர் தொங்கும் சுவரைப் பார்த்தபடியே ஆட்டம் பார்ப்பார். நேரே பார்த்தால் பந்து இருக்கும் இடத்தில் ஓட்டைதான் இருக்கும். ஓரக்கண்ணில்தான் அது ஓடும். விருந்தாளிகள் கிழவருக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள். கண் டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனது வெர்னன்தான். டாக்டர் ஒரு அட்டையைக் காட்டினார், அதில் இதே கட்டம், குறுக்கும் நெடுக்குமாக. எந்தக் கோடு வளைந்திருக்கிறது, சொல்லுங்கள் என்றார். "அட, எங்க தொழில் கட்டமாச்சே டாக்டர், குடுங்க, நான் நேராக்கித் தரேன்" என்று வெர்னன் பெரிதாக ஜோக் அடித்தார். டாக்டர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அப்பாவுக்கு அப்போது என்ன வயது? வெர்னன் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

திரும்பக் கூப்பிட்ட அந்த இரண்டு வீடுகள். கூப்பிடாத வீடுகள் எத்தனையோ? எத்தனை பேர் கோணல் படத்தைப் பார்த்துக்கொண்டு, வெர்னன் செய்தது தப்பாக இருக்காது என்று தங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறார்களோ? அதுகூடப் போகட்டும். இன்று காலை வண்டியில் வரும்போது, சர்ச் முன்னால் சாலையைக் கடந்த அந்தப் பெண்ணும் குழந்தை வண்டியும் தரையிலிருந்து முளைத்ததுபோல திடீரென்று எதிரே நின்றார்கள். பிரேக்கை மிதித்து, ஹாரனை அழுத்தி, கண்ணாடியை இறக்கித் திட்டவும் திட்டினார். கண் தெரியலையா என்று கேட்டார்.

"என்ன வெர்ன், பேயைப் பாத்தாப்பல இருக்கீங்க?" டார்லா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"முட்டி பிடிச்சுக்கிச்சு."

"கோடு வளையுதா?"

"உனக்கு?"

"எனக்கு ஸ்கேல் வெச்சுப் போட்டாப்பல இருக்கு."

"அப்ப சரிதான்," என்றார்.

பைக்குள் கையை விட்டுத் துழாவினார். அடியில், பழைய பாட்டரிகளுக்கும் துணிக்கும் கீழே கறுப்பு நூல்கண்டு கிடைத்தது. எந்தக் காலத்திலோ அவர் மனைவி பெவ் தையல் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஒரு முனையை டார்லாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பெரிய பெட்டியின் குறுக்கே இழுத்து இரண்டு பக்கமும் டேப் ஒட்டினார். பச்சைக் கோடு நூலுக்குக் கீழே போய், மேலே வந்து, மறுபடி கீழே போயிற்று. அவர் பண்ணிவைத்த வேலை. அதை நூலோடு சேர்க்க வலக்கண்ணை மூடப் பார்த்தார். மூடத் தெரியவில்லை. இத்தனை வருஷம் இடது இமைதான் தனியாக இறங்கிப் பழகியது. வலது இமையை இறக்கினால் இரண்டும் சேர்ந்து இறங்கின. கடைசியில் ஒரு கையால் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் ரிமோட்டை அழுத்தினார்.

"எப்பவும் மத்த கண்ணைத்தானே மூடுவீங்க?" என்றாள் டார்லா.

"மாத்திப் பாக்குறேன்."

நூல் தளராமல் விரலால் அழுத்திக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். கோடுகள் ஒவ்வொன்றாக நூலுக்கு வந்துசேர்ந்தன. கோல் கம்பம் நிமிர்ந்தது.

டுவெயினின் அண்ணன் தம்பிகள் மனைவிமாரோடும் பீர்ப் பெட்டிகளோடும் வந்து இறங்கியபோது கூடம் ஒரே இரைச்சல். இரண்டு டிவியிலும் ஒரே ஆட்டம் ஓடியது. தட்டில் சாசேஜும் கடுகும் வைத்து வெர்னன் கையில் திணித்துவிட்டு டுவெயின் அறிவித்தான்: "தீர்ப்பு சொல்லுய்யா. எல்லாரும் இருக்காங்க."

வெர்னன் இரண்டையும் பார்த்தார், இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு. மூடப் பயமாக இருந்தது.

"நேரா உக்காந்து பாக்குறவனுக்கு இந்தப் பெட்டிக்கு ஈடே கிடையாது," என்றார். டுவெயின் கையைத் தூக்கினான். "கறுப்புன்னா கறுப்பு. ஆனா எல்லாக் காலமும் நேராவே பாத்துக்கிட்டு இருப்போம்னு என்ன நிச்சயம்? பக்கவாட்டுல இருந்து பாக்க வேண்டி வந்தா, பிளாஸ்மாதான்."

"என்னய்யா இது, பாதிரியார் மாதிரி பேசறே? அவ உனக்கு சாசேஜ் அதிகமா வெச்சாளா?" என்றான் டுவெயின். எல்லோரும் சிரித்தார்கள். டார்லா மட்டும் ஜெயித்தும் தோற்றதுபோல அவர் கண்ணையே பார்த்தபடி நின்றாள்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு வெர்னன் அடுப்பங்கரைக்குப் போய் வீட்டுக்கு போன் செய்தார். பெவ் எடுத்தாள். அவளுக்குப் பின்னாலும் அதே ஆட்டத்தின் சத்தம் கேட்டது.

"பெவ், என்னை வந்து கூட்டிட்டுப் போறியா? பக்கத்து வீட்டுப் பையனை உன்னைக் கொண்டுவந்து விடச் சொல்லு. திரும்பப் போறப்ப என் வண்டிய நீ ஓட்டிக்கலாம்."

"ஏன், வண்டிக்கு என்ன ஆச்சு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல."

போனுக்குள் மைதானத்து ஜனங்கள் கத்தினார்கள். பிறகு அந்தச் சத்தம் பட்டென்று நின்றது. அவள் டிவியை அணைத்திருந்தாள். மாமனாரின் நாற்காலியை ஒவ்வொரு ஞாயிறும் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டவள் அவள்தான்.

"எந்தக் கண்ணு, வெர்ன்?" என்று கேட்டாள்.

போனைக் காதில் வைத்தபடியே கூடத்து வாசலில் வந்து நின்றார். பெரிய பெட்டியில் நூலை எடுக்க மறந்திருந்தார்கள். மைதானத்தின் குறுக்கே மெல்லிசாக, கறுப்பாக அது கிடந்தது. அதன்கீழே ஆட்டக்காரர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "அந்த நூலைப் பிச்சுப் போடுங்கப்பா," என்று யாரோ கத்தினார்கள். டார்லா எழுந்துபோய் டேப்பில் நகத்தை வைத்தாள், வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நூல் நேராக இருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருந்தவரை அது நேராக இருந்தது.