ஊரறிந்த சட்டை

எங்கள் தீவில் பழந்துணிக் கடை திறக்கலாம் என்று விண்ணப்பம் எழுதியது நான்தான். படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது அன்றைக்கே மண்டையில் தட்டியிருக்கலாம்.

யோசனை எளிது. வேண்டாத உடுப்புகளை ஊரார் சும்மா கொடுப்பார்கள். அக்கா துவைத்துத் தேய்த்து மலிவாக விற்பாள். அவள் சம்பளம் போக மிஞ்சுவது அவசரத்துக்கு நோயாளிகளை ஏற்றும் படகுக்கு. அக்காவும் வேலை தேடி நகரத்துக்குப் போகாமல், படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவோடு இருந்துகொள்வாள். நகரத்து நிறுவனம் ஒன்று ஆறு மாதம் நடத்திப் பார்க்கச் சொன்னது. அங்கே இத்தகைய கடைகளில் வரிசையே நிற்குமாம்.

அங்கே சட்டைக்கு முகம் கிடையாது. எங்கள் ஊரில் மொத்தமே முந்நூறு பேர்.

"இது வாத்தியார் பேன்ட்டுல்ல?" என்பார் மெக்கானிக். "போட்டா எனக்கும் வாய்ப்பாடு வந்துடுமா?"

"முதல்ல உங்க தொப்பையில ஏறுதான்னு பாருங்கண்ணே," என்பாள் அக்கா.

கொடுக்க எல்லோரும் வந்தார்கள். வாங்கத்தான் ஆளில்லை.

கடைசியில் முடிவெட்டுபவர் துணிந்து ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையை வாங்கினார். மறுநாள் துறையில் அவர் முதுகைப் பார்த்துவிட்டு, கடலுக்குப் போய்த் திரும்பாத வலைக்காரரின் மனைவி கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். கடைக்கு அந்த அம்மாவே கொடுத்த, புருஷனுடைய சட்டைதான். கிட்டே வந்ததும் நின்றார்.

"ஒண்ணுமில்ல, நீங்க போங்க," என்றார்.

முடிவெட்டுபவர் அங்கேயே சட்டையைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் என் கையில் திணித்துவிட்டு வெற்றுடம்போடு நடந்தார். அதன்பின் கடைக்குள் ஈ காக்கைகூட நுழையவில்லை.

ஆறாம் மாதம் நிறுவனத்து மேடம் வந்தார். வேறு ஊர்த் துணிகளை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன்.

"உள்ளூர்த் துணிய உள்ளூர்லயே விக்கணும். திட்டமே அதான், சார்."

"இங்க துணியப் பாத்தாலே ஆளு தெரியுது, மேடம்."

"இத நீங்க விண்ணப்பத்துல எழுதலையே?"

எழுதவில்லைதான். முந்நூறு பேரில் எனக்கு மட்டும்தான் அது தோன்றவில்லை போலிருக்கிறது.

கடையை மூடச் சொன்னாலும் மேடம் கெட்டவரல்ல. அக்கா தேய்த்து மடித்திருந்த நேர்த்தியைப் பார்த்து, நகரத்துக் கடையில் வேலை போட்டுக் கொடுத்தார். விற்காத துணி மூட்டைகளோடு மூட்டையாக அக்கா படகில் ஏறினாள்.

"மூஞ்சிய அப்படி வைக்காதடா. டிக்கெட்டக் கிழி."

கிழித்தேன்.

அம்மாவிடம் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"எங்கடா அவ? சாயங்காலம் வந்துடுவாளா?" என்றாள் அம்மா.

போர்வையை இழுத்துவிட்டேன்.

"காத்து பலமா இருக்கும்மா," என்றேன். "படகு வர லேட்டாகும்."