காலிச் சதுக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரிடம் கிடைத்தது. அவர் சொல்லவில்லை. அவருடைய காத்திருப்பு அறைச் சுவரில் ஒரு புகைப்படமாக மாட்டியிருந்தது. ஏதோ ஒரு பெரிய நகரத்தின் சதுக்கம். பட்டப்பகல். சுற்றிலும் உயரமான கட்டடங்கள், நடுவில் நீரூற்று, வரிசையாகப் பெஞ்சுகள். ஆள் என்று ஒருவர்கூட இல்லை. கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவளுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெஞ்சின் கீழே நிழல் விழுந்திருந்தது. பெஞ்சின் நிழல் அல்ல, அதில் உட்கார்ந்திருக்கும் ஆளின் நிழல். ஆளைத்தான் காணோம்.

உள்ளே கூப்பிட்டார்கள். வாயை ஆவென்று திறந்துகொண்டு, மனதுக்குள் அந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். பல் பிடுங்கியது தெரியவே இல்லை. (ஊசி போட்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அந்தப் படத்தில் செருப்பு இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை. செருப்பை நான்தான் போட்டேன். கதை எழுதுகிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லை என்றால் எப்படி?

2

முதல் தொடக்கம்: "நகரம் இன்னும் கண் விழிக்காத வேளையில், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள்—"

அடித்துவிட்டேன். நகரம் கண் விழிப்பதும் சோம்பல் முறிப்பதும் படித்துப் படித்து எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது தொடக்கம்: "தனிமை என்பது—"

இதை என் வீட்டுக்காரர் படித்தார். ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மூன்றாவது, இதோ நிற்கிறது:

வீட்டில் அவளுக்குப் படக்காரி என்று பெயர். அண்ணன் கேலிக்கு வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாணம் ஆகவில்லை, தனியாக ஒரு சின்ன வீடு, அதில் பாதியை மேசையும் கணினியும் பிடித்துக்கொண்டன. கட்டட வடிவமைப்பு அலுவலகங்களுக்கு நகரத்தைப் படம்பிடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அவர்களுக்கு வேண்டியது ஆளில்லாத இடங்கள். ஆள் இருந்தால் பார்ப்பவர் கண் ஆள்மேல் போய்விடுகிறதாம், கட்டடத்தின்மேல் போவதில்லையாம்.

ஆனால் நகரத்தில் ஆளில்லாத இடம் ஏது? அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. மூன்று கால் தாங்கியில் கேமராவை அசையாமல் நிறுத்தி, விட்டு விட்டு நிறையப் படங்கள் எடுப்பாள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால், பெரும்பாலான படங்களில் எது மாறாமல் இருக்கிறதோ அதை மட்டும் கணினி வைத்துக்கொள்ளும். சுவர் இருக்கும், மரம் இருக்கும், படிக்கட்டு இருக்கும். நடந்தவர்கள், ஓடியவர்கள், நின்று பேசிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் கரைந்துவிடுவார்கள்.

அந்தக் கரைகிற கணம் அவளுக்குப் பிடிக்கும். திரையில் கூட்டம் முதலில் மங்கும், பிறகு புகையாகும், பிறகு தரை மட்டும் வெயிலில் பளபளக்கும். ஊரே எங்கோ ஊருக்குப் போய்விட்ட மாதிரி ஒரு அமைதி. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அதற்குள் உலாவுவாள்.

3

அந்தச் சதுக்கத்தையும் அப்படித்தான் கரைத்தாள். எல்லாரும் போனார்கள். பெஞ்சில் ஒருவர் மட்டும் போகவில்லை.

வெள்ளையாக, முகம் தெரியாமல், கலங்கலாக ஓர் உருவம். அவ்வளவு நேரமும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த யாரோ. இந்தத் தொழிலில் இப்படி மிஞ்சுகிறவர்களுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'அழுக்கு'. வேறு பெயர் யோசித்ததில்லை. கணினித் தூரிகையை எடுத்து அழுக்கைத் துடைத்தாள், படத்தை அனுப்பினாள், சாப்பிடப் போனாள்.

வடிவமைப்பாளர் போன் செய்தார். அவரைக் கெட்டவராக்க எனக்கு மனமில்லை. தன்மையாகப் பேசுகிறவர்.

"படம் அருமைம்மா. அறிக்கைல முதல் பக்கமே இதான். இத விட வேற ஆதாரம் வேண்டாம்."

"எதுக்கு சார் ஆதாரம்?"

"இங்க யாரும் வர்றதில்லைன்றதுக்குத்தான். பெஞ்சு, ஊத்து எல்லாத்தையும் எடுத்துட்டு கார் நிறுத்தற இடம் கட்டப் போறாங்க. நாளைக்குக் கூட்டத்துல முடிவாயிடும்."

"சார், அது நான்—"

"ஒரே ஒரு சின்ன விஷயம். பெஞ்சு அடியில ஒரு நிழல் கிடக்கு பாருங்க. ஆள எடுத்துட்டு நிழல விட்டுட்டீங்க. அதையும் எடுத்துட்டு நாளைக்கு அனுப்பிடுங்க."

(அவள் அந்த வாக்கியத்தை ஏன் முடிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நல்ல அலுவலகம், அவர்களுக்கு அவள் செய்யும் முதல் வேலை. நான் இரண்டு தடவை முடித்துப் பார்த்தேன். அவள் வாயில் அது நிற்கவில்லை.)

4

நிழலைத் துடைக்கத்தான் படத்தைப் பெரிதாக்கினாள். பக்கத்தில் செருப்பு கிடந்தது.

ஒரு செருப்பின் மேல் இன்னொரு செருப்பு ஏற்றி வைத்திருந்தது. உட்கார்ந்த இடத்தில் செருப்பை இப்படி ஏற்றி வைப்பவள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான் உண்டு. தனித்தனியாக விட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுமாம்.

கரைப்பதற்கு முந்தைய படங்களைத் திறந்தாள்.

முதல் படத்தில் சதுக்கம் கொள்ளாத ஜனம். மூட்டை தூக்குகிறவர், குடைக்குள் தலை தெரியாமல் இருவர், புறாக்களைத் துரத்தும் குழந்தை, ஒற்றைக் காலில் நின்று சாக்ஸை இழுத்துவிடும் பெண். அத்தனைக்கும் நடுவில், பெஞ்சில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு அவளுடைய அம்மா.

அம்மா அண்ணன் வீட்டில் அல்லவா இருக்க வேண்டும்?

அடுத்த படத்தில் ஜனம் மாறியிருந்தது. அம்மா இருந்தாள். அதற்கடுத்ததில் மேகம் வந்து எல்லார் முகமும் நீலமாகியிருந்தது. அம்மா இருந்தாள். படங்களை வேகமாகத் தள்ளினாள். ஆற்றில் தண்ணீர் போவதுபோல் ஊர் போய்க்கொண்டே இருந்தது. புறாக்கள் எழுந்தன, இறங்கின. வெயில் பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது. அம்மா ஒரு படத்தில் தனக்குள் சிரித்தாள். ஒன்றில் கொட்டாவி விட்டாள். பார்க்கப் பார்க்கப் படக்காரிக்கு, தானும் அந்த வெயிலுக்குள் இறங்கிவிட்டதாகவே இருந்தது.

பிறகு அந்தப் படம் வந்தது. அம்மா நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். கையைத் தூக்கி ஆட்டுகிறாள்.

எதிர்ப்படிக்கட்டில், தாங்கிக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்த மகளைப் பார்த்து.

5

இங்கே வந்து எனக்குக் கதை ஓடவில்லை.

"பெஞ்சுல இருக்கறது அம்மாவா?" என்றார் என் வீட்டுக்காரர். "அப்ப அழ வைக்கறதுன்னே முடிவு பண்ணிட்டே."

"இல்ல."

"யாரோ ஒருத்தரா இருந்துட்டுப் போகட்டுமே."

"யாரோன்னா அவ நிழலையும் துடைச்சிட்டுப் போய்ப் படுத்திருப்பா."

அவர் காய்ந்த துணியை எடுத்து மடிக்கப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அதற்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

ஆனால் அம்மா ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்? இந்த இடத்தில் நான் முதலில் செய்தது கொஞ்சம் கேவலம். அண்ணியைக் கொடுமைக்காரி ஆக்கிவிட்டேன். சோறு போடாத அண்ணி, வாசல் கதவைச் சாத்தும் அண்ணி. கை தானாக எழுதிக்கொண்டே போனது. இவ்வளவு சுலபமாக வருகிறதே என்றுதான் சந்தேகப்பட்டேன். கிழித்துப் போட்டேன். இந்தக் கதையில் அண்ணி தங்கம்.* அம்மாவின் சிக்கலே அதுதான்.

* கிழித்த பக்கங்களில் ஒரு வசனம் நன்றாக இருந்தது. போனது போனதுதான்.

6

படக்காரி அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அம்மா தினமும் எங்க போறாங்க?"

"என்னடி கேள்வி இது? உன் வீட்டுக்குத்தான். பாவம் அவ தனியா கஷ்டப்படறா, கூடமாட இருந்துட்டு வரேன்னு காலையில கிளம்பினா சாயங்காலம்தான் வர்றாங்க. ஏன், இன்னிக்கு வரலியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வந்தாங்க, வந்தாங்க. சும்மாதான் கேட்டேன்."

"உனக்குத் தலை கிலை சரியா இருக்கா?" என்றான் அண்ணன்.

இரண்டு பிள்ளைகள். அம்மா அங்கே இருக்கிறாள் என்று இவள் நிம்மதியாக இருந்தாள், இங்கே இருக்கிறாள் என்று அவன் நிம்மதியாக இருந்தான். எனக்கு இதை எழுதும்போது கோபம் வந்தது. யார்மேல் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

7

மறுநாள் காலை. கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கேமராவையும் தாங்கியையும் தூக்கிக்கொண்டு சதுக்கத்துக்குப் போனாள். அம்மா அதே பெஞ்சில் இருந்தாள். திடுக்கிடக்கூட இல்லை.

"வா, உக்காரு. வெயில் இந்தப் பக்கம் வர இன்னும் நேரம் இருக்கு."

"அன்னிக்கு என்னைப் பாத்தியா?"

"பாத்தேனே. கைய வேற ஆட்டினேன்."

"கூப்பிட வேண்டியதுதானேம்மா?"

"நீ வேலையா இருந்தே."

குறையாகச் சொல்லவில்லை. சொன்னதே அப்படித்தான், மழை பெய்தது என்கிற மாதிரி. படக்காரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்கு வர்றதாச் சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துருக்கியே."

"ஒரு நாள் நிஜமாவே வந்தேன்டி. உக்காரும்மான்னு சொல்லிட்டு அந்தப் பெட்டிக்குள்ள தலைய விட்டே. நானும் பாத்தேன், பாத்தேன், கதவ மெதுவா சாத்திட்டுக் கிளம்பிட்டேன். நீ திரும்பக்கூட இல்ல." அம்மா சிரித்தாள். "போற வழியில கால் வலிச்சுது. இங்க உக்காந்தேன். நல்லா இருந்துச்சு."

"இங்க என்னம்மா இருக்கு?"

"அங்க உங்க அண்ணி நொடிக்கொரு தடவ வந்து பாப்பா. அத்தை படுக்கறீங்களா, அத்தை குடிக்க ஏதாவது வேணுமான்னு. தங்கமான பொண்ணுதான். ஆனா விழுந்துடப் போறேனோன்னே பாக்கறா. இங்க என்னை யாரும் பாக்கறதில்ல. நான்தான் அவங்களப் பாக்கறேன். அதோ, பச்சைப் பை மாட்டிட்டுப் போறா பாரு, தினமும் ஓட்டம்தான், ஆனா ஒரு நாள் பஸ்ஸ விட்டதில்ல. அந்த மனுஷன் ஊத்துகிட்ட வந்ததும் செருப்பு வார சரி பண்ணுவார், வார் நல்லாத்தான் இருக்கும். நிக்கறதுக்கு ஒரு சாக்கு." அம்மாவின் குரல் குழைந்தது. "பாத்துட்டே இருந்தா, நான் இருக்கறதே எனக்கு மறந்துடுது. அவ்வளவு சுகம்."

படக்காரிக்கு அந்தச் சுகம் தெரியும். அவள் அதை ஜனங்களைக் கரைத்துவிட்டு அனுபவித்தவள்.

"அம்மா, இந்தப் பெஞ்சையெல்லாம் எடுக்கப் போறாங்க."

"ஏன்?"

"இங்க யாரும் வர்றதில்லன்னு."

அம்மா சுற்றிலும் பார்த்தாள். இத்தனை கூட்டத்தைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "எந்தக் கண்ணில்லாதவன் சொன்னான்?"

"என் படம் சொல்லுது. எல்லாரையும் நான்தான் எடுத்தேன்."

சிரிப்பு நின்றது.

"அப்ப நான்?"

"உன்னையும்தாம்மா."

அம்மா புறாக்களைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் ஆகல, இங்கதான இருக்கேன்" என்றாள். பிறகு, இதுவரை அவள் குரலில் இல்லாத ஒரு பயத்தோடு, "ஆனா பெஞ்ச எடுத்துட்டா நான் எங்கடி போவேன்?" என்றாள்.

8

முடிவுகள்.

(அ) படக்காரி கரைக்காத படங்களை அனுப்புகிறாள். வடிவமைப்பாளர் நன்றி சொல்லி அவற்றை ஓரமாக வைக்கிறார். பெஞ்சும் போகிறது, அவள் வேலையும் போகிறது. 'இதான் நடக்கும்' என்கிறார் வீட்டுக்காரர். நடக்கும்தான். அதற்காக அதை நானே என் கையால் செய்ய வேண்டுமா?

(ஆ) அதே படங்கள் கூட்டத்தில் காட்டப்படுகின்றன. எல்லாரும் மனம் மாறுகிறார்கள், கைதட்டுகிறார்கள், பெஞ்சுகளுக்குப் புது வர்ணம்கூட— இதை எழுதிவிட்டு எனக்கே வெட்கமாகப் போயிற்று.

(இ) படக்காரி எழுந்து, பெஞ்சுக்கு எதிரே கொஞ்சம் தள்ளித் தாங்கியை நிறுத்தினாள். தானாகவே விட்டு விட்டுப் படம் எடுக்கும்படி கேமராவில் வைத்தாள். பையைத் தாங்கியின் காலடியில் போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குடி இது?"

"எல்லாரும் கரைஞ்சாலும் நாம ரெண்டு பேரும் படத்துல மிஞ்சணும். இதத்தான் கூட்டம் முடியறதுக்குள்ள அனுப்பப் போறேன். அசையாம இரு."

"நான் இருப்பேன். உன்னால முடியுமா?"

அம்மாவின் தோள் இவள் தோளில் பட்டது. இவ்வளவு பக்கத்தில் எப்போது உட்கார்ந்தோம் என்று படக்காரி யோசித்தாள், நினைவுக்கு வரவில்லை. கேமரா ஒரு தடவை கண் சிமிட்டியது. பச்சைப் பை ஓடியது. நீரூற்றின் திவலை காற்றில் வந்து முகத்தில் பட்டது. சதுக்கம் மொத்தமும் லேசாக மிதப்பதுபோல் இருந்தது. கேமரா இன்னொரு தடவை கண் சிமிட்டியது.

பைக்குள் போன் அடித்தது. வடிவமைப்பாளராகத்தான் இருக்கும். கூட்டம் தொடங்கப் போகிறது. போய் எடுத்தால், இந்தச் சதுக்கத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்றாவது அவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். எடுத்தால் பேச்சு நீளும். நீண்டால் படத்தில் அம்மா மட்டும்தான் இருப்பாள்.

"அடிக்குதுடி" என்றாள் அம்மா, உதடு அசையாமல்.

"தெரியும்மா."

"போகணும்னா போ. நான் இருக்கேன்."

இதற்குப் பிறகு படக்காரி என்ன செய்தாள் என்று நான் எழுதப்போவதில்லை. தெரியாமல் இல்லை, நான் எழுதினால் அது என் அம்மாவுக்கு நான் செய்ததாகிவிடும். உங்களிடமும் யாரோ ஒருவர் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார். அப்போது நீங்கள் எழுந்து போனீர்களா, உட்கார்ந்திருந்தீர்களா? அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.