கடல் தாண்டிய கூலிக்கணக்கு

மனைவி லூர்துசெல்வியை நினைத்தாலே ஸ்தனிஸ்லாஸுக்குப் பெருமையும் பயமும் சேர்ந்துதான் வரும். அன்று பயம் ஒரு படி கூடுதல்.

1996. சேர்வராயன் மலையில் வெள்ளக்கடை பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் ஆட்களின் கூலியைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் புரோகிராமை, அந்த ஆபீஸில் கிளார்க்கான அவள்தான் வேலைநேரம் போகத் தன் விருப்பத்தில் எழுதினாள். பழைய மேனேஜர் இரண்டு வருடம் முன்பு மலேசியாவுக்கு வேலைக்குப் போனபோது அதை ஒரு ஃப்ளாப்பியில் கொண்டுபோய், தன்னுடையதென்று அங்கே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்; அங்குள்ள தோட்டங்களில் கூலி போடுவது அதை வைத்துத்தான். இப்போது அந்தக் கம்பெனியின் ஏஜெண்ட் மலையேறி வந்து, திருடியது இவள்தான் என்று முதலாளியிடம் சாதிக்கிறான். திருடி என்ற பேரோடு அவள் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி.

"உடு புள்ள. கடலுக்கு அந்தப் பக்கம் போன சாமானுக்கு எந்தக் கோர்ட்டுல போயி நிக்கறது?" என்று வீட்டிலேயே கெஞ்சிப் பார்த்தான். கேட்கிற ஆளா அவள்? புருஷனையும் இழுத்துக்கொண்டு, முதலாளியும் ஏஜெண்டும் இருந்த எஸ்டேட் ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

"நாங்க எங்க நாட்டுல பதிவு பண்ணியிருக்கோம். இவங்க எங்கே பண்ணாங்க?" என்றான் ஏஜெண்ட்.

"எங்கயும் பண்ணலீங்க. பண்ணவும் வேண்டாமுங்க. எழுதுனவங்க உரிமைக்காகப் பல நாடு சேந்து போட்ட பெர்ன் ஒப்பந்தத்துல உங்க நாடும் இருக்குது, நம்ம நாடும் இருக்குது. எழுதுன அன்னைக்கே எழுதுனவங்களுக்கு உரிமை வந்துருமுங்க. உங்க ஊர்க்காரங்க எழுதுனதுக்கு அங்க என்ன காவலோ, நான் எழுதுனதுக்கும் அதே காவலுங்க. சேலத்து வக்கீலைக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

செம்மநத்தத்தில் பிறந்தவளுக்கு, அவள் கண்ணால் பார்த்திராத தேசத்துச் சட்டம் துணைக்கு வருகிறதா! எந்த மகராசன்கள் உட்கார்ந்து எழுதினார்களோ, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது ஸ்தனிஸ்லாஸுக்கு.

"நீங்கதான் எழுதினீங்கன்னு யார் சொல்றது?" என்றான் ஏஜெண்ட்.

"உங்க புரோகிராமே சொல்லுமுங்க." போன வருட மே மாதத்தில் ஒரு தேதியைச் சொன்னாள். "அன்னைக்கு ஒரு ஆளு வேலைக்கு வந்ததாப் போடுங்க."

ஏஜெண்ட் தான் கொண்டுவந்த ஃப்ளாப்பியை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுத் தட்டினான். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. மறுபடி தட்டினான். 'சேர்வராயன் திருவிழா. இன்று யாரும் வேலைக்கு வர மாட்டார்கள்' என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. உலகத்தில் எவனாவது அந்த நாளில் வேலைக்குப் போவான் என்று மலைக்காரி நினைத்தும் பார்க்கவில்லை.

"மலேசியாவுல சேர்வராயன் நோம்பி எங்கீங்க நடக்குது?" என்று கேட்டாள். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

ஏஜெண்ட் கீபோர்டைத் தள்ளி வைத்தான். "என்ன வேணும், சொல்லுங்க. உங்க பேரைப் போட்டுடறோம்."

ஸ்தனிஸ்லாஸ் தலை நிமிர்ந்தான். அவள் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலேசியாவுல அன்னைக்குப் பாடுபட்டவங்களுக்குக் கூலி ஏறியிருக்காதுங்க. அது எந் தப்பு. அதைத் திருத்தாம எம் பேரைப் போட்டுறாதீங்க."