ஒரு ஆளைக் கூட்டிவந்தால்

பாக்கி முப்பத்தேழாயிரத்து நானூற்றைம்பது, அதில் ஒரு காசு குறையாது என்று போன மாதம் கறாராகப் பேசிய கிளினிக் கவுண்டர் பெண்ணின் வாய்தான் இன்றைக்கு வாங்கக்கா, உட்காருங்கக்கா, தண்ணி குடிக்கிறீங்களா என்று குழைகிறது, குழையாமல் என்ன, பாய்லரக்கா கையோடு ஒரு ஆளைக் கூட்டி வந்திருக்கிறாளே... உள்ளே போயிருப்பது அண்ணியின் மகள், கண்ணாடிக் கதவைச் சாத்தியாகிவிட்டது, இனி இரத்தம் எடுப்பார்கள், ஒரு தாளை வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஹார்மோன் அடிமட்டத்துக்குப் போயிடுச்சும்மா, இப்பவே பிடிச்சு நிறுத்தலேன்னா நாற்பதுலயே கிழவிதான் என்பார்கள். சொல்லட்டும். நன்றாகச் சொல்லட்டும். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அவளும் பார்க்கட்டும், அவளைப் பெற்றவளும் பார்க்கட்டும். பாய்லரக்கா கைத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏசி ஓடுகிற அறையிலும் நெஞ்சிலிருந்து காதுவரை அந்தச் சூடு ஏறுகிறது, இவ்வளவு பணத்தைக் கொட்டி வாங்கிய மருந்துக்கு அது மட்டும் மசியவில்லை...

பாய்லரக்கா என்று பேர் வைத்தது சலவைக்கூடத்து சூப்பர்வைசர். ஹோட்டல் விரிப்பும் ஆஸ்பத்திரி விரிப்பும் மலைமலையாக வந்து குவிகிற இடம் அது, சூடான உருளைக்குள் போய் வந்த விரிப்பை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்துவந்து முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும். இவளுக்கு எதிர்முனை பிடிப்பவள் அண்ணி, வீட்டுக்காரரின் அக்கா, இந்த வேலையை வாங்கித் தந்தவளும் அவள்தான். ஐம்பதை நெருங்கி, மாதவிலக்கு நிற்கிற நேரத்தில் உருளைச் சூடு போதாதென்று உடம்புச் சூடும் சேர்ந்துகொண்டது, முகமெல்லாம் சிவந்து வியர்வை கொட்ட நிற்பாள், "என்னக்கா, ஆவி வருதா? விசில் எப்ப அடிப்பீங்க?" என்று சூப்பர்வைசர் கேட்பான், எல்லாரும் சிரிப்பார்கள், இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் நனைந்த தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு கிடப்பாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. விரிப்பு மடிந்து இருவர் கையும் தொட்டுக்கொண்ட நேரத்தில் மெல்லச் சொன்னாள், "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. ஒரு இடம் இருக்கு, முதல் தடவை பாக்கக் காசே வாங்க மாட்டாங்க. நான் கூட வரேன், வா." எவ்வளவு பாசம் என்று அன்றைக்கு உருகினாளே, அந்த உருக்கத்தைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஊசி, களிம்பு, பேர் ஒட்டாத டப்பாவில் மாத்திரை, மாதா மாதம் இரத்தம், மாதா மாதம் தவணை, வளையல் போனது, மகன் பைக்குக்குச் சேர்த்தது போனது, கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்கே போனாள். அங்கே டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன கலந்திருக்காங்கன்னு எனக்கே தெரியலம்மா, இதை நிறுத்துங்க. இந்தச் சூட்டுக்கு மருந்து இருக்கு, உங்க உடம்புக்கு ஒத்துக்குமான்னு பாத்துட்டு இங்கயே தர்றோம், காசு இல்லாமலே" என்றார். காசு இல்லாமலே! அந்த வேகத்தோடு இங்கே சண்டைக்கு வந்தபோதுதான் கவுண்டர் பெண் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "கோவப்படாதீங்கக்கா, உங்க அண்ணி பாக்கியைத் தள்ளின மாதிரி உங்களுதையும் தள்ளிரலாம், ஒரே ஒரு ஆளைச் சேர்த்துவிடுங்க" என்றாள். அண்ணிக்கு என்ன பாக்கி, எப்போது தள்ளினீர்கள்? "உங்களைச் சேர்த்துவிட்டாங்கல்ல, அப்பத்தான்." அப்போது ஏறியதே ஒரு சூடு, அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது.

மறுநாளும் விரிப்பு மடித்தாள். எதிர்முனையில் அதே அண்ணி. ஒவ்வொரு மடிப்புக்கும் அந்தக் கை வந்து இவள் கையைத் தொட்டது, விரலைப் பிடித்து ஒடித்துவிடலாமா என்று இருந்தது, ஒடித்தால் ஒரு மாதத்தில் ஆறிவிடும், ஆறாததாக வேண்டும்... அப்படித்தான் அண்ணியின் மகள் ஞாபகத்துக்கு வந்தாள். இரண்டாவது பிள்ளை பெற்றபின் முடி கொட்டுகிறது, அசதி தாங்கவில்லை அத்தை என்று இவளிடம்தான் வந்து புலம்புவாள், அம்மாவிடம்கூட அவ்வளவு பேசமாட்டாள். வா, ஒரு இடம் இருக்கு என்றதும் கேள்வி கேட்காமல் கிளம்பிவிட்டாள், அசட்டுப் பெண். அவள் என்ன பாவம் செய்தாள்? நான் மட்டும் என்ன செய்தேன்? போய்க் கதவைத் தட்டி, எழுந்து வாடி, இவங்க களவாணிங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கால்கூட ஒரு எட்டு எடுத்து வைத்துவிட்டது... சொன்னால் பாக்கியை யார் கட்டுவது, அண்ணியா வந்து கட்டுவாள்? கால் நின்றது. நாளைக்கு, மடிக்கும்போது, கை தொடுகிற நேரம் பார்த்துச் சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது, உங்க மகளை நல்ல இடத்துலதான் சேர்த்திருக்கேன் அண்ணி. அவ்வளவுதான். அந்த முகம் வெளுப்பதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும்.

கதவு திறந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள், கையில் புது ஃபைல், பையில் பேர் ஒட்டாத டப்பா. கவுண்டர் பெண் எதையோ தட்டிவிட்டு, "உங்க கணக்கு முடிஞ்சுதுக்கா, இனி ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்றாள். முடிந்தது. ஒன்றுமில்லை. இவ்வளவு லேசா இது?

படியிறங்கும்போது மகள் இவள் தோளில் சாய்ந்துகொண்டாள். "நல்லவேளை நீங்க வந்தீங்க அத்தை. இந்த இடத்துப் பேரைச் சொன்னதும் அம்மா போகவே கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, ஒரே அழுகை."

"அப்புறம்?"

"அத்தைதான் கூட்டிட்டுப் போறாங்கன்னேன். அப்படியே கையை விட்டுட்டாங்க. அப்புறம், அவ கூப்பிட்டான்னா போயிட்டு வான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க."

பாய்லரக்கா கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றாள். நாளைக்குச் சொல்ல வைத்திருந்த வாக்கியத்தை இனி யாரிடம் சொல்வது, கேட்க வேண்டியவள் முன்னாலேயே கேட்டு முடித்துவிட்டாளே, எனக்குச் செய்ததற்குப் பதில் என்று தெரிந்தே மகள் கையை விட்டிருக்கிறாளே... அப்படியானால் மேலே கவுண்டர் பெண் தள்ளிவிட்டது யாருடைய பாக்கி? மகள் நாலு படி கீழே இறங்கிப்போய், என்னாச்சு அத்தை, சூடு ஏறுதா என்று கேட்டாள்.