ஒருமையில் சொல்

அந்தப் பெரிய விடுதியின் அடித்தளத்தில், சலவை இயந்திரங்களின் இரைச்சலை ஒட்டி, துணி மடிக்கும் அறை இருந்தது. அங்கே வேலை பார்த்த அக்கா தங்கை இருவரையும் எல்லோரும் ‘ரெட்டை’ என்றே கூப்பிட்டார்கள். ஒரே பிரசவம், ஒரே முகம், ஒரே நடை. “ரெட்டை, டீ குடிச்சாச்சா?” என்று யாராவது கேட்டால் தங்கைதான் இருவருக்கும் சேர்த்துப் பதில் சொல்வாள். “நாங்க அப்பவே குடிச்சாச்சு. நீங்கதான் ஆடி அசைஞ்சு வர்றீங்க.” அக்கா சிரிப்பதோடு சரி. வாயைத் திறக்கவேண்டிய அவசியமே அவளுக்கு வந்ததில்லை.

மழைக்காலத்தில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. வந்த காய்ச்சல் தானே போகும் என்று இருந்துவிட்டார்கள். அது நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் திரும்பி நடந்து வரவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பியபோது கட்டில் விரிப்புகள் மலைபோலக் குவிந்திருந்தன. பெரிய விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, இழுத்து உதறி, எதிரெதிரே நடந்துவந்து முனையோடு முனை சேர்க்கவேண்டும். வேறு ஆள் தருகிறேன் என்றார் மேற்பார்வையாளர். வேண்டாம் என்று தலையாட்டினாள். எவளோ ஒருத்தி அந்த இடத்தில் வந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பழக்க தோஷத்தில் இரண்டு முனைகளைப் பிடித்து விரிப்பை உதறினாள். மறுமுனை கீழே விழவில்லை.

அவள் அலறவில்லை. முனைகளை விடவும் இல்லை. எதிரே ஆளில்லை, வெறும் சுவரும் அதில் ஒழுகும் குழாயும்தான். துணி மட்டும் இடுப்பு உயரத்தில் விறைப்பாக நின்றது. அவள் ஓர் அடி முன்னே வைத்தாள். அந்தப் பக்கமும் ஓர் அடி வந்தது. முனைகள் சேர்ந்தபோது அவள் விரல்மேல் ஒரு குளிர்ச்சி பட்டு விலகியது.

அதன்பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். வெளியே வந்த அடுக்குகளில் ஒரு சுருக்கம் இருக்காது. “ரெண்டு கையா, நாலு கையா இவளுக்கு?” என்று இஸ்திரி போடுகிறவன் வியந்தான். அவள் அடுத்த துணிக்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஆனால் அடித்தளத்தின் ஈரமும் ஆவியும் அவள் நெஞ்சையும் பிடிக்க ஆரம்பித்தன. இருமல் விடவில்லை. “அங்கேயே இருந்தா தங்கச்சி போன வழிதான்” என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். வீட்டில் கண் மங்கிய அம்மா இருக்கிறாள். அவளுக்கு வேறு நாதியில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மேல்மாடி அறைகளைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டது. வெயில் வரும் இடம், நல்ல காற்று. ஆனால் விருந்தினர்களிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசவேண்டும். அதற்காக மத்தியான வேளைகளில் ஊழியர் சாப்பாட்டு அறையில் வகுப்பு நடந்தது. பாடம் எடுக்க வந்த டீச்சர் சின்னப்பெண்; எல்லோரையும் அக்கா, அண்ணா என்றே கூப்பிட்டாள்.

“உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்கக்கா.”

“வீ ஃபோல்ட் த ஷீட்ஸ்.”

“இப்போ நீங்க ஒருத்தர்தானே மடிக்கிறீங்க? அப்போ ‘வீ’ வராது. ‘ஐ’ சொல்லணும். ஐ ஃபோல்ட் த ஷீட்ஸ்.”

“நாங்கன்னு சொன்னா தப்பா?”

“தமிழ்ல சொல்லலாம்க்கா. ஒத்தைப் பிள்ளையா பொறந்தவங்ககூட எங்க அம்மா, எங்க வீடுன்னுதான் சொல்றோம். இங்கிலீஷ்ல தலையை எண்ணிட்டுத்தான் வாயைத் திறக்கணும்.”

“ரெட்டைக்கு எப்படிம்மா ஒத்தைல வரும்?” என்றான் இஸ்திரிக்காரன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். டீச்சருக்கு விஷயம் புரியவில்லை. அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

அன்று மாலை விரிப்பைப் பிடித்துக்கொண்டே அக்கா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். “ஐ ஃபோல்ட்.”

மறுமுனை சுண்டி இழுபட்டது.

தற்செயலாக இருக்கும் என்று இன்னொரு முறை சொன்னாள். விரல் நகம் பிய்வதுபோல வலிக்கும்படி இழுத்தது. “விடுடி. பரீட்சைக்குத்தான் சொல்றேன். உன்னைத் தள்ளிவெக்கிறேனா?” என்றாள். இழுப்பு தளரவில்லை. அவளும் பிடிவாதமாக, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி “ஐ” என்றாள். ஓரத் தையல் படபடவென்று பிரிந்து விரிப்பு நடுவில் கிழிந்தது. இரண்டு துண்டாகத் தரையில் விழுந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் முதல்முறையாக அவளுக்குத் தன் தங்கையிடம் பயம் வந்தது.

சின்ன வயதில் இவள் தனியாகப் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனால் அவள் இப்படித்தான் பாவாடையைப் பிடித்து இழுப்பாள். அழமாட்டாள், கத்தமாட்டாள், விடவும்மாட்டாள்.

‘ஐ’ சொல்லிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். இருமல் மட்டும் நாளுக்கு நாள் கூடியது.

தேர்வு ஒரு மத்தியானம் மேலாளர் அறையில் நடந்தது. கண்ணாடிச் சன்னல், வெயில், மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளரும் டீச்சரும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மேலாளர் இங்கிலீஷில் கேட்டார். பதில் நாக்கு நுனியில் இருந்தது. கையில் துணி இல்லை. ஆனாலும் மடியில் கிடந்த அவள் விரல்களை எதுவோ பிடித்து இழுத்தது. குளிர்ந்த பிடி.

‘வீ’ என்றால் வேலை போகும். ‘ஐ’ என்றால்? அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“ஷீ அண்ட் ஐ.”

டீச்சர் நிமிர்ந்தாள். மேலாளர் கேட்டார்: யார் அந்த ‘ஷீ’?

“மை சிஸ்டர்.”

“ஷீ வொர்க்ஸ் ஹியர்?”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் தங்கையைப் பற்றி யாரிடமும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட. சொல்லாதவரைக்கும் அது முழுசாக நடந்துவிடவில்லை என்பதுபோல இருந்தது. இப்போது எதிரே இருக்கிறவர் அந்நியர், மொழியும் அந்நியம். அதனால்தானோ என்னவோ வந்துவிட்டது.

“ஷீ வொர்க்ட் ஹியர். ஷீ டைடு.”

விரல்மேல் இருந்த பிடி ஒரு கணம் எலும்பு நோக இறுகியது. பிறகு சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விட்டது.

“ஐ ஆம் சாரி” என்றார் மேலாளர். “அண்ட் நவ்?”

“நவ் ஐ ஃபோல்ட்” என்றாள். எந்தப் பக்கமும் இழுப்பு இல்லை. டீச்சர் முகத்தைத் திருப்பிச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை அவளுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். கீழே இறங்கி வந்து ஒரு விரிப்பை எடுத்து உதறினாள். மறுமுனை தொப்பென்று ஈரத்தரையில் விழுந்தது. மறுபடி உதறினாள். மறுபடி விழுந்தது. அதை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இஸ்திரிக்காரன் வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே நின்றாள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல “வந்தாச்சா?” என்று கேட்கவில்லை.

“அம்மா, வேலை கிடைச்சிடுச்சு. மாடில.”

“நல்லது.” அம்மா அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். “என்ன சொன்ன அவளை?” என்றாள்.

இவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “யாரை?”

“தினம் நீ வேலைக்குப் போன பிறகு அவ இங்க நடப்பா. பாத்திரத்தை நகத்துவா. என் பக்கத்துல வந்து உட்காருவா. நீ பயந்துக்குவியேன்னு நான் வாயே திறக்கலை. இன்னைக்கு மத்தியானம் திடீர்னு எழுந்து வாசப்பக்கம் போனா. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.”

தான் என்ன சொன்னாள் என்பதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. இங்கிலீஷில் சொன்னதைவிட அது ஆயிரம் மடங்கு கஷ்டமாக இருந்தது. “அவ செத்துப்போயிட்டான்னு சொன்னேம்மா.”

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. இருவருமே வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

“யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்” என்றாள் அம்மா. “எனக்குத்தான் மனசு வரலை.”

அவள் அம்மாவின் மடியில் தலை சாய்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் முதல்முறையாக இருவரும் சேர்ந்து அழுதார்கள்.